ஆறு பேர் சொல்ற வட்டியும் அப்புச்சி சொல்ற வட்டியும்

கண்ணு, ரிசர்வ் பேங்குல ஆபீசர் வேலைன்னு ஊருக்கெல்லாம் லட்டுக் குடுத்துட்ட. சந்தோசம். உங்கம்மாளுக்கு நேத்திலிருந்து கால் தரையில நிக்கலை. இனிமே ரூவா நோட்டுல கையெழுத்துப் போடறது நீதான்னு அவளுக்கு நெனப்பு. நானும் இல்லைன்னு சொல்லலை. பெத்தவ சந்தோசத்தைய நானெதுக்குக் கெடுக்கோணும்? ஆனா நீ ரயிலேறறதுக்கு முன்னால இந்தக் கெழவன் சொல்றதையும் காதுல வாங்கிட்டுப் போ. ஓசியில சொல்றேன்னு எளக்காரமா நெனைக்காத. நீ பரீச்சைக்கு வாங்கின புஸ்தகமெல்லாம் தோட்டத்துச் சாளையிலதான் கெடந்துச்சு. ராத்திரி மோட்டாருக்குக் கரண்டு வர்ற வரைக்கும் எனக்கு வேற என்ன சோலி? படிச்சது நானு, பாஸானது நீ.

அதுல இருந்து நான் புரிஞ்சுக்கிட்டது இது. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஆறு பேரு உக்காந்து ஒரு நெம்பர் சொல்றாங்க. மூணு பேரு பேங்கு ஆளு, மூணு பேரு டெல்லி அனுப்பின ஆளு. மூணுக்கு மூணுன்னு நின்னுட்டா கவர்னருக்கு இன்னொரு ஓட்டு. 2016-ல சட்டத்தைத் திருத்திப் பண்ணின ஏற்பாடு. வெலைவாசி வருசத்துக்கு 4 சதவீதம் ஏறலாம். ரெண்டு மேலயோ கீழயோ போனாப் பொறுத்துக்குவாங்க. மூணு காலாண்டு விடாம அந்த எல்லையத் தாண்டினா, ஏன் தாண்டுச்சு, எப்பச் செரியாவும்னு அரசாங்கத்துக்கு லெட்டர் எழுதோணும். 2022-ல தாண்டிப் போச்சு. நவம்பர் 3-ந் தேதி தனியாக் கூட்டம் போட்டு லெட்டரும் எழுதினாங்க. என்ன எழுதினாங்கன்னு நமக்குக் காட்டலை. நம்ம ஊரு சொசைட்டியில பாக்கி வெச்சா நோட்டீஸ் போர்டுல பேரு ஒட்டுவாங்க. பெரிய எடத்துப் பாக்கின்னா கவருக்குத்தான் பசை ஒட்டுவாங்க போல.

செரி, அந்த நெம்பர். ரிசர்வ் பேங்கு மத்த பேங்குகளுக்குக் குடுக்கற கைமாத்துக்கு வட்டி, ரெப்போன்னு பேரு. கொரோனாவுல, 2020 மே மாசம் 4-க்கு எறக்கினாங்க. 2022 மே மாசம் ஏத்த ஆரம்பிச்சு 2023 பிப்ரவரிக்குள்ள 6.5 ஆக்கினாங்க. ரெண்டு வருசம் அசையலை. 2025-ல மறுபடி எறக்கி டிசம்பர்ல 5.25-க்குக் கொண்டாந்து உட்டாங்க. ஒவ்வொரு தடவையும் டீவியில காலையிலிருந்து கோட்டுப் போட்ட ஆளுக மூச்சு உடாமப் பேசுவாங்க.

இத்தனை ஏத்த எறக்கத்துல நம்ம ஊரு வட்டி என்னாச்சுன்னு உன்ர புஸ்தகத்துல தேடித் தேடிப் பாத்தேன், இல்லை. நாஞ் சொல்றேன். ரெப்போ 4-ல இருந்தப்ப நூத்துக்கு ரெண்டு ரூவா வட்டி. 6.5 ஆனப்பவும் ரெண்டு ரூவா. இன்னைக்கும் ரெண்டு ரூவாதான். மும்பையில வருசக் கணக்குல பேசறாங்க, நாம மாசக் கணக்குல பேசறோம். ரெண்டு ரூவான்னா வருசத்துக்கு 24. அது நாணயமான ஆளுக்கு, அதுவும் பத்திரம் எழுதிக் குடுத்தா. சந்தையில கீரை விக்கற அம்மிணிக்கு ரெண்டு ரூவாய்க்கு யாரு குடுக்கறது? அவ தண்டல்காரன்கிட்ட வாங்கறா. பேரு 10,000, கையில குடுக்கறது 8,500. தெனம் 100 வீதம் 100 நாள் கட்டோணும். 8,500-க்கு 1,500 வட்டி, பதினெட்டு சதவீதங்கூட இல்லைன்னு நீ கணக்குச் சொல்லுவ. அங்கதான் படிச்சவன் கோட்டை விடறான். தெனம் திருப்பிக் கட்டிக்கிட்டே வர்றதால சராசரியா அவ கையில நிக்கறது அந்தப் பணத்துல பாதி. அதுக்கு 1,500, அதுவும் நூறே நாளைக்கி. வருசக் கணக்குல போட்டுப் பாரு, நூறு சதவீதத்தைத் தாண்டி ஓடும். அந்த அம்மிணிகிட்டப் போயி, ‘ஆத்தா, கால் சதவீதம் கொறைச்சிருக்கறோம், முதலீடு பண்ணுங்க’ன்னு சொல்லிப் பாரேன். ஒரு கட்டுக் கீரையச் சும்மா குடுத்து அனுப்புவா, பாவம் வெயில்ல சுத்தறான்னு.

தண்டல்காரன் கெட்டவன், அதனால கொறைக்க மாட்டேங்கறான்னு நெனைச்சுக்காத. அவன் கணக்கு வேற. அவன் போடறது மும்பையில வாங்கின பணமில்லை. சொந்தப் பணம், மச்சினன் பணம், ரோட்டோரக் காட்டை வித்த பணம். வட்டியில ஒரு பங்கு, தெனம் வெடியக்காலம் வண்டியெடுத்து வசூலுக்கு வர்ற கூலி. ஒரு பங்கு, குடுக்காம ஓடிப் போறவனுக்கு ஒதுக்கி வெக்கறது. இன்னொரு பங்கு, அம்மிணிக்கு வேற போக்கிடமில்லைங்கற தைரியம். இந்த மூணுல எதைய ரெப்போ தொடும்? நம்ம மாநிலத்துல 2003-லயே கந்துவட்டித் தடைச் சட்டம் போட்டாங்க, அதுக்கே அசையாதவன். 2019-ல அரசாங்கமே எடுத்த கணக்குல, நாடு பூராவும் கிராமத்துக் குடும்பங்க வாங்கின கடன்ல மூணுல ஒரு பங்கு பேங்கு, சொசைட்டிக்கு வெளிய வாங்கினது. கேட்டா மறைக்காமச் சொன்ன கணக்கு அது. சொல்லாதது எத்தனையோ.

உன்ர பொருளாதாரப் புஸ்தகத்துக்குள்ள ஒரு நகல் காயிதம் சொருகி வெச்சிருந்த. பிராச்சி மிஸ்ரா, பீட்டர் மான்டியல், ஸ்பிலிம்பெர்கோ, மூணு பேரு 2012-ல எழுதினது. ஏழை நாட்டுல பங்குச் சந்தை, கடன்பத்திரச் சந்தையெல்லாம் சிறுசு, அதனால மத்திய வங்கியோட வட்டி பேங்கு வழியாத்தான் சனங்ககிட்டப் போயிச் சேரோணும், அந்தப் பேங்கு வழியும் அடைசலாக் கெடக்குதுன்னு எழுதியிருக்கறாங்க. பேங்குகளுக்குள்ள போட்டி கொறைவு, கோர்ட்டுக்குப் போனாக் கடன் வசூலாவாது. நான் அதுல பென்சில்ல கோடு போட்டு வெச்சேன். நீ அந்தப் பக்கத்தைத் தொறந்தே பாக்கலைன்னு தெரியும். காயிதத்துல மடிப்பே விழுகலை.

நம்ம ஊருல வட்டியை விட நகைக் கடன்தான் நெசமான பணக் கொள்கை. ஒரு பவுனுக்கு எவ்வளவு குடுப்பாங்கறதைத்தான் சனம் பாக்குது, வட்டியை அப்பறந்தான் கேக்குது. 2020 ஆகஸ்டுல, நகை மதிப்புல 75 வரைக்கும் குடுத்துக்கிட்டிருந்ததை 90 வரைக்கும் பேங்குக குடுக்கலாம்னு ரிசர்வ் பேங்கு ஏழெட்டு மாசத்துக்கு அவுத்து உட்டுச்சு. ஊட்டுல பொண்டாட்டி கழுத்துல இருந்ததெல்லாம் பேங்கு லாக்கருக்குப் போச்சு. ஆறு பேரு ஓட்டுப் போடாமலே ஊருக்குள்ள பணம் எறங்குச்சு. தங்கம் வெலை ஏறினாலும் அதே கதைதான். அதே தாலிக்கொடிக்கு எச்சாப் பணம் கெடைக்குது. அந்த வெலையச் சொல்றது உன்ர கவர்னருமில்லை, டெல்லியுமில்லை.

இப்பத் தக்காளிக்கு வர்றேன். பண்ணயக்காரன் தக்காளி பேசாம உடுவனா? 2012-ஐ வெச்சுப் போட்ட வெலைவாசிக் கூடையில திங்கற சாமானுக்கு மட்டும் 45.86 பங்கு. அதுல பாதி மழை கையில, மீதி லாரிக்காரன் கையில. 2023 சூலையில தக்காளி கெட்ட கேட்டுல பணவீக்கம் 7.44-க்குப் போச்சு. ரெப்போ அப்ப 6.5. ஆறு பேரும் அதைய ஏத்தவுமில்லை, எறக்கவுமில்லை. நம்ம அரசாங்கம் மெட்ராஸுல ரேசன் கடையில தக்காளி வித்துச்சு. டெல்லி நேபாளத்துல இருந்து தக்காளி எறக்குச்சு. செப்டம்பர்ல பணவீக்கம் 5.02. நாத்து நட்டு எழுவது நாள்ல காய் வந்துரும் கண்ணு. வட்டிய ஏத்தினா அது ஊரைச் சுத்தி வந்து வேலை செய்ய மூணு நாலு காலாண்டு ஆவும்னு உன்ர புஸ்தகமே சொல்லுது. அதுக்குள்ள ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல தக்காளிய ரோட்டுல கொட்டிட்டுப் போயிருப்பம்.

இன்னுங் கேளு. 2024 அக்டோபர்ல பணவீக்கம் 6.21. அடுத்த வருசம் அதே அக்டோபர்ல 0.25. கால் சதவீதம்! இந்தக் கணக்கு ஆரம்பிச்சதுல இருந்து இத்தனை கீழ போனதில்லை. அந்த ஒரு வருசத்துல ரெப்போவக் கொறைச்சுக்கிட்டு வந்தாங்க, ஏத்தலை. பாடப்படி பாத்தா வெலை ஏறியிருக்கோணும். மழை நல்லாப் பேஞ்சுது, காய்கறி குமிஞ்சுது, அவ்வளவுதான். மழைக்கு யாரும் பத்மஸ்ரீ குடுக்கலை. கவர்னரைத்தான் டீவியில பாராட்டினாங்க. வெலை ஏறினப்ப எங்களுக்கு என்ன பண்ணினாங்க தெரியுமா? அதே 2023-ல அரிசி ஏத்துமதிக்குத் தடை, வெங்காயத்துக்கு 40 சதவீதம் ஏத்துமதி வரி. வெலை ஏறினாத் தடை வரும். எறங்கினா எங்க தலையெழுத்து. உன்ர ஆபீசு ‘பணவீக்கம் கட்டுக்குள்ள’ன்னு அறிக்கை உடற அன்னைக்குத் தோட்டத்துல ஒருத்தன் தக்காளியப் பறிக்காமயே உழவு ஓட்டறான்னு நெனைச்சுக்க.

அப்படீன்னாச் சாப்பாட்டுச் சாமானைக் கணக்குல இருந்து எடுத்துரலாமேன்னு கேப்ப. 2024 பொருளாதார ஆய்வறிக்கையில டெல்லிக்காரங்களே அந்த ரோசனை சொன்னாங்க. கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா காய் பறிக்க வர்ற பொம்பளைக சாப்பாட்டை எடுத்துட்டுக் கூலி கேக்க மாட்டாங்க. பருப்பு ஏறுச்சுன்னா அடுத்த பட்டத்துக்கு அம்பது ரூவா எச்சாக் கேப்பாங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனிக் கூலி ஒப்பந்தம் பேசறப்பவும் அரிசி வெலையத்தான் மொதல்ல பேசுவாங்க. ஏறின கூலி, தக்காளி எறங்கினாலும் எறங்காது. இந்த எடத்துல ஆறு பேரு பயப்படறது நாயம்னு நானும் ஒத்துக்கறேன். ஒத்துக்கறதால என்ர தக்காளிக்கு வெலை கெடைக்கப் போறதில்லை, அது வேற.

நம்ம ஊருத் தேரோட்டம் நெனப்பிருக்குதா? வடத்தைப் புடிச்சு ஆயிரம் பேரு இழுப்பாங்க, கத்துவாங்க, பேரு அவங்களுக்கு. ஆனாத் தேரு எந்தப் பக்கம் திரும்போணும், எங்க நிக்கோணும்னு முடிவு பண்றவன், சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போடறவன். அவன் குனிஞ்சே இருப்பான், யார் கண்ணுக்கும் படமாட்டான். மும்பையில வடத்தைப் புடிச்சிருக்கறது ஆறு பேரு. கட்டை போடறவங்க கணக்கைச் சொல்றேன். பயிர்க் கடனுக்கு வட்டி 7, ஒழுங்காக் கட்டினா 4, நம்ம மாநிலத்துச் சொசைட்டியில கெடுவுக்குள்ள கட்டினா வட்டியே இல்லை. ரெப்போ எங்க போனாலும் அது அசையாது. 2021 பிப்ரவரியில, தேர்தல் வர்றதுக்கு முன்னால, 12,110 கோடிப் பயிர்க் கடனைத் தள்ளுபடின்னாங்க. ஒழுங்காக் கட்டினவன் தலையில துண்டு. (நான் கட்டியிருந்தேன். உங்கப்பாரு கட்டலை. அன்னைக்கிருந்து அவரு என்னையப் பாத்தாச் சிரிக்கறாரு.) பிபிஎஃப் கணக்குக்கு வட்டி 2020 ஏப்ரல்ல 7.1-ன்னு வெச்சாங்க. அதுக்கப்பறம் ரெப்போ 4-ஐயும் பாத்துச்சு, 6.5-ஐயும் பாத்துச்சு, அது மட்டும் 7.1-லயே குந்தியிருந்துச்சு. தபாலாபீசுல அந்த வட்டி கெடைக்கறப்ப, பேங்குக்காரன் டெபாசிட் வட்டிய எப்படிக் கொறைப்பான்? டெபாசிட் வட்டி கொறையாமக் கடன் வட்டிய எப்படிக் கொறைப்பான்?

பேங்குக்காரனும் லேசுப்பட்டவனில்லை. கடன் வட்டி எப்படிப் போடறீங்கன்னு ரிசர்வ் பேங்கு கேக்கறப்பெல்லாம் புதுசா ஒரு பேரு வரும். 2003-ல பிபிஎல்ஆர், 2010-ல பேஸ் ரேட், 2016-ல எம்சிஎல்ஆர். ரெப்போ ஏறினா அன்னைக்கே ஏத்துவாங்க, எறங்கினாக் கணக்குப் போட்டுப் பாக்கறோம்னு சொல்லுவாங்க. 2017-ல ஜனக் ராஜ் கமிட்டி போயிப் பாத்துட்டு, அவங்கவங்க இஷ்டத்துக்குக் கணக்குப் போட்டிருக்கறாங்கன்னு எழுதிக் குடுத்துச்சு. 2019 அக்டோபர்ல இருந்துதான் வீட்டுக் கடன், சின்னத் தொழில் கடனையெல்லாம் ரெப்போ மாதிரி பேங்குக்கு வெளியிலிருக்கற ஏதாச்சும் ஒரு வட்டியோட கட்டிப் போடோணும்னு உத்தரவு. இத்தனை பேரு மாத்தியும் அசையாத பேங்கு ஒருக்கா தானா அசைஞ்சுது. 2016 நவம்பர்ல நோட்டுச் செல்லாதுன்னாங்கல்ல? சனம் வரிசையில நின்னு பணத்தைக் கொண்டு போயிக் கொட்டுச்சு. டிசம்பர்ல ஆறு பேரு கூடி ரெப்போவுல கையே வெக்கலை. சனவரி ஒண்ணாந் தேதி ஸ்டேட் பேங்கு கடன் வட்டிய 0.9 சதவீதம் ஒரே அடியாக் கொறைச்சுது. பெட்டி நெறைஞ்சாத்தான் பேங்கு வட்டி எறங்கும், பேச்சுக்கு எறங்காது. அது தெரிஞ்சுதான் 2025-ல ரெப்போவ எறக்கினதோட நிக்காம, பேங்குக முடக்கி வெக்கற ரொக்கத்தையும் 4-ல இருந்து 3-க்கு அவுத்து உட்டாங்க. அது யாரு ரோசனையோ, வெவரமான ஆளு. மும்பைக்குப் போனா அவரு பக்கத்துல மேசை கேளு.

இப்ப, 2019-ல கட்டிப் போட்டாங்களே, அதுல மாட்டினது யாரு? பாவம், நம்ம பங்காளி ஊட்டுப் பையன், திருப்பூர்ல வேலை. 2021-ல 30 லட்சம் வீட்டுக் கடன், 6.7 சதவீதம், இருவது வருசம். மாசம் 22,700 சில்லறை. ரெப்போ ரெண்டரை ஏறுச்சு, அவனுக்கு 9.2 ஆச்சு. 30 லட்சத்துக்கு 9.2-ன்னா மாச வட்டி மட்டுமே 23,000. அசல் கொஞ்சம் கொறைஞ்சிருந்தாலும், கட்டற பணம் ஏறக்குறைய பூராவும் வட்டிக்கே போச்சு. தவணையை ஏத்தினா அவன் கத்துவான்னு பேங்கு கமுக்கமா வருசத்தை நீட்டி உட்டுது. ஓய்வு பெத்தப்பறமும் கட்டோணும். இப்படி நாடு பூராக் கூப்பாடு போட்டப்பறம் 2023 ஆகஸ்டுல, தவணையை ஏத்தறதா, வருசத்தை நீட்டறதான்னு கடன் வாங்கினவனைக் கேட்டுச் செய்யோணும்னு உத்தரவு போட்டாங்க.

கண்ணு, நான் சொல்ல வர்றது இதுதான். உன்ர ஆறு பேரு கை நீளமில்லை. ஆனா எட்டற எடத்துல அழுத்தமா விழுவுது. சம்பளக்காரன், வீட்டுக் கடன்காரன், பேங்குல ஓவர் டிராப்டு வெச்சிருக்கற தறிக்காரன், அவ்வளவுதான் புடியில இருக்கறான். கீரைக்காரி வெளிய, தண்டல்காரன் வெளிய, பயிர்க் கடன் வெளிய, மழை வெளிய. எல்லாரையும் கொஞ்சம் நெதானமாச் செலவு பண்ண வெக்கோணும்னா, புடியில இருக்கற கொஞ்சப் பேரை மட்டும் போட்டு நெரிக்கோணும். பணக்கார நாட்டுல ஒரு சுத்துத் திருகினாப் போதும்னா, நம்மகிட்ட ரெண்டு சுத்து. அந்த எச்சாச் சுத்து யாரு கழுத்துலன்னு எந்த அறிக்கையிலயும் போட மாட்டாங்க.

அதுக்காக வட்டியே வெத்துவேட்டுன்னு போயி ஆபீசுல உளறி வெச்சிராத, வேலை போயிரும். துருக்கியில வட்டிய நம்பினதுக்கே ஒருத்தருக்கு வேலை போச்சு. வெலைவாசி ஏறுதேன்னு வட்டிய 19-க்கு ஏத்தின கவர்னரை, 2021 மார்ச்சுல ராத்திரியோட ராத்திரியா எடுத்துப் போட்டாங்க. வட்டி எச்சா இருக்கறதாலதான் வெலைவாசி ஏறுதுன்னு அந்த ஊரு அதிபர் எர்டோவானோட கட்சி. புதுக் கவர்னரு செப்டம்பர்ல இருந்து எறக்கி டிசம்பருக்குள்ள 14 ஆக்கினாரு. 2022 அக்டோபர்ல வெலைவாசி 85 சதவீதத்துக்கு மேல. பொறகு தேர்தல் முடிஞ்சு, வேற ஆளைக் கொண்டாந்து, 2024 மார்ச்சுக்குள்ள வட்டிய 50-க்கு ஏத்தினாங்க. கெடுக்கறதுக்கு வட்டி மட்டுமே போதும்னு அங்க தெரிஞ்சுது.

செரி பண்றதுக்கு வட்டி மட்டும் பத்தாதுங்கறது இலங்கையில தெரிஞ்சுது. 2022 ஏப்ரல்ல அங்க ஒரே நாள்ல 7 சதவீதம் ஏத்தினாங்க. கால் கால் சதவீதமா ஏத்தறவங்க அதைப் படிச்சாலே காய்ச்சல் வரும். அந்த செப்டம்பர்ல கொழும்பு வெலைவாசி ஏத்தம் 69.8, அடுத்த செப்டம்பர்ல 1.3. வட்டிதான் சாதிச்சுதுன்னு உன்ர சார்மாரு சொல்லுவாங்க. கூடவே பெட்ரோலுக்குக் கோட்டா, எறக்குமதிக்குக் கட்டு, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டறதை நிறுத்தினது, ஐஎம்எஃப் பணம், இத்தனையும் இருந்துச்சு. அப்பறம் ஒண்ணு, ஏத்தத்தோட வேகம்தான் 1.3-க்கு வந்துச்சு. அரிசி பழைய வெலைக்கு வரலை. அந்த வித்தியாசம் அங்க கடைக்குப் போற ஒவ்வொரு பொம்பளைக்கும் தெரியும். உன்ர பரீச்சையில அதுக்கு ரெண்டு மார்க்கு.

அதனால அங்க போனா, பெரிய மேசைக்கு ஓடாத. மொதல்ல, சனங்ககிட்ட ‘வெலைவாசி எவ்வளவு ஏறும்னு நெனைக்கறீங்க’ன்னு வீடு வீடாக் கேக்கற சர்வே ஒண்ணு உங்க பேங்குல நடக்குது, அதுல சேரு. சனம் சொல்றது எப்பவும் அரசாங்கக் கணக்கை விட எச்சாத்தான் இருக்கும். ஆபீசுல அதைய ‘அறியாமை’ன்னு சொல்லுவாங்க. நீ தலையாட்டிட்டு, அந்தப் பொம்பளை அன்னைக்கு என்ன வாங்கினான்னு கேட்டு எழுதிக்க. ரெப்போ சனங்ககிட்டப் போயிச் சேர்றதை அங்க ‘கடத்தல்’னுவாங்க. கூட்டத்துல யாராச்சும் ‘கடத்தல் நல்லா நடக்குது’ன்னு சொன்னா நம்ம ஊருல போலீசு வரும், அங்க கைதட்டோணும். நீயும் தட்டு. ரெண்டு கையும் சேராமத் தட்டப் பழகிக்க.

அப்பறம், மும்பையில வாடகை ஊட்டுக்கு அட்வான்சு லட்சக் கணக்குல கேக்கறாங்க, பேங்குல தனிநபர் கடன் போடலாம்னு நீ உங்கம்மாகிட்டக் குசுகுசுத்தது என்ர காதுல விழுந்துச்சு. எதுக்கு அத்தனை காயிதத்துல கையெழுத்து? தக்காளி வித்த பணம் கொஞ்சம் கெடக்குது, நாந் தர்றேன். பேரனாச்சே, ரெண்டு ரூவா கேக்க எனக்கு மனசு வருமா? நூத்துக்கு ஒரு ரூவா. மும்பையில ஆறு பேரு ஏத்தினாலும் எறக்கினாலும் அதே ஒரு ரூவாதான். மாசாமாசம் ஒண்ணாந் தேதி ஜிபேயில போட்டு உடு. நாளு தாண்டினா உங்கம்மாகிட்டச் சொல்லிருவேன்.